முதல் கிராஸ் கன்ட்ரி பந்தயமா? டயரை இப்படிப் பார்த்து வாங்குங்கள்

மவுண்டன் பைக்கில் முதல் தடவையாகப் பந்தயம் ஓடப்போகிறீர்கள், கையில் கொஞ்சம் காசும் இருக்கிறது என்றால், அதை டயரில் போடுங்கள். கியர், ஃபோர்க் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொழும்பில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் காய்ந்த தரை, நம் பக்கத்தில் வருஷம் முழுக்கக் கிடைக்காது.

1. எண்ணை வாசியுங்கள்

டயரின் பக்கவாட்டில் 57-622 என்பது போல ஓர் எண் இருக்கும். 57 என்பது அகலம். 622 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீற்றரில். 622 என்றால் 29 இஞ்சி, 584 என்றால் 27.5, 559 என்றால் 26. கடையிலும் இந்த எண்ணைச் சொல்லியே கேளுங்கள். புறக்கோட்டை டாம் வீதியில் போய் வெறுமனே "26 டயர் ஒன்று தாங்க" என்றால், சாதாரண சைக்கிளுக்குப் போடும் 26க்கு 1⅜ டயர் கைக்கு வந்துவிடலாம். அதன் விட்டம் 590. உங்கள் ரிம்மில் நிற்காது.

2. இடம் இருக்கிறதா?

இப்போது பெரும்பாலானவர்கள் 2.25 முதல் 2.4 இஞ்சி வரை போடுகிறார்கள். ரிம்மின் உள்ளகலம் 25 மி.மீ.க்குக் குறைவென்றால் 2.25 போதும். காற்றடித்த டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே 6 மி.மீ. அலன் கீ ஒன்று தட்டாமல் போய்வர வேண்டும். முக்கியமாகப் பின்பக்கம். செம்மண் சேறு அங்கேதான் அடைக்கும்.

3. முன்னுக்கு வேறு, பின்னுக்கு வேறு

ஹங்வெல்ல, அவிசாவளைப் பக்கம் ரப்பர் தோட்டப் பாதைகளில் ஓடிப் பாருங்கள். மேலே உதிர்ந்த இலை, கீழே வேர். வெயிலில் பிரச்சினை இல்லை. ஒரு மழை பெய்துவிட்டால் அதே இடம் சோப்புப் போட்ட சீமெந்துத் தரைதான்.

பின் டயர் வழுக்கினால் சில வினாடி போகும். முன் டயர் வழுக்கினால் ஆளே கீழே. அதனால் முன்னுக்கு ஓரக் குமிழ்கள் (தரையைப் பிடிக்கும் ரப்பர் முட்டுகள்) உயரமாக, இடைவெளி விட்டு இருக்கும் டயர். பின்னுக்கு நடுக் குமிழ்கள் தாழ்வாக, நெருக்கமாக இருக்கும், சுலபமாக உருளும் டயர். ஷ்வால்பே என்ற டயர் கம்பனியில் முன்னுக்கு ரேசிங் ரே, பின்னுக்கு ரேசிங் ரால்ஃப் என்று ஜோடியாகவே வருகிறது. விட்டோரியாவில் பார்சோவை முன்னுக்கும் மெஸ்கலைப் பின்னுக்கும் போடுகிறவர்கள் நிறைய. தரை காய்ந்திருக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மேக்ஸிஸ் ஐக்கான் இரண்டு பக்கமும் போதும்.

கடையில் ஓரக் குமிழைப் பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கொஞ்சமும் அசையாத கடின ரப்பர் நீண்டநாள் உழைக்கும், ஆனால் ஈர வேரில் பிடிக்காது. ஒரு டயருக்குத்தான் காசு என்றால் யோசிக்கவே வேண்டாம், முன் டயரை மாற்றுங்கள்.

4. டியூப்லெஸ்

உள்ளே டியூப் இல்லாமல் டயரிலேயே காற்று நிற்கும் முறை இது. உங்கள் ரிம் அதற்கு ஏற்றதென்றால் போட்டுவிடுங்கள். டியூப் இருந்தால் காற்றைக் குறைக்கும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். டியூப்லெஸில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரு விஷயம், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்ட் என்ற திரவம் நம் வெக்கைக்குச் சீக்கிரம் காயும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள்.

5. காற்று

விலை கூடிய டயரையும் கெடுப்பது இதுதான். டயர் கல்லாக இருந்தால் வேரில் ஒட்டாமல் துள்ளும். 70 கிலோ அளவுள்ளவர், 2.25 டியூப்லெஸ் என்றால் முன்னுக்கு 20, பின்னுக்கு 23 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். டியூப் என்றால் இரண்டிலும் ஐந்தாறு கூட்டுங்கள். ரிம் கல்லில் "டக்" என்று அடித்தால் ஒன்று கூட்டுங்கள்; வளைவில் டயர் நெளிந்தால் அதற்கும் ஒன்று. அப்புறம், பெற்றோல் செட் மீற்றரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம், இவ்வளவு குறைந்த அளவுக்கு அது சரிப்படாது. சின்ன டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

6. பூட்டும்போது

பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் பக்கம் பார்க்க வேண்டும். பந்தயத்துக்கு முதல்நாள் இரவு பூட்டாதீர்கள். இரண்டு வாரம் முந்தியே பூட்டி, ஒரு தடவையாவது மழை விட்ட கையோடு ஓடிப் பாருங்கள். டியூப்லெஸ் என்றாலும் சட்டைப் பையில் ஒரு டியூப், இரண்டு டயர் லீவர், ஒரு சின்னப் பம்ப் இருக்கட்டும்.