கீழ கோயமுத்தூருக்கு ஆபரேஷனுக்கு போறீங்களா? பை கட்டும்போது நம்ம மலைக்காரங்க பண்ற தவறுகள்

கோயமுத்தூர்ல ஆபரேஷன்னு தேதி குடுத்துட்டாங்கன்னா எங்க கோத்தகிரி பக்கம் முதல் வேலையா பரண்ல இருந்து பெரிய பை எறங்கும், அதுல ரெண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லா, சால்வை, கம்பளி எல்லாம் போட்டு அமுக்கி ஜிப்ப இழுத்து மூடிட்டு பை ரெடின்னு சொல்லிடுவாங்க, ரிப்போர்ட் எல்லாம் கடைசி நிமிஷத்துல ஒரு மஞ்சப்பையில போகும். அஞ்சு வருஷத்துல நான் மூணு தடவை இப்படி கீழ போயிட்டு வந்திருக்கேன். அத்தைக்கு மூட்டு மாத்த ஒரு தடவை, பெரியப்பாவுக்கு கண்ணுக்கு ஒரு தடவை, போன வருஷம் எனக்கே கர்ப்பப்பை எடுக்க. மூணு தடவையும் பட்டு தெரிஞ்சுக்கிட்டது என்னன்னா, நாம போறதுக்கு தான் பை கட்டுறோம், திரும்பி மேல வர்றதுக்கு யாரும் கட்டுறதில்ல. கஷ்டம் எல்லாம் அந்த திரும்புற வழியில தான் இருக்கு. அதனால அதையே முதல்ல சொல்றேன்.

கோயமுத்தூர் கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டர் சொச்சம் தான், ஊட்டி 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ரோட்ல ஏறினா 14 கொண்டை ஊசி வளைவு. வயித்துல தையலோட அந்த வளைவுல வண்டி திரும்பும்போது உடம்பு ஒரு பக்கமா சாயும் பாருங்க, அப்ப தெரியும் வலின்னா என்னன்னு. ஒரு சின்ன தலகாணி எடுத்துட்டு போங்க, தயவு செஞ்சு எடுத்துட்டு போங்க. வளைவு வரும்போதும் இருமல் வரும்போதும் அத வயித்தோட சேத்து அணைச்சு பிடிச்சுக்கிட்டா தையல் இழுக்காது. சிசேரியன், குடலிறக்கம், பித்தப்பை, கர்ப்பப்பை எதுவா இருந்தாலும் இது உதவும். சீட் பெல்ட்டும் கண்டிப்பா போடணும், தையல் மேல அழுத்துதுன்னு கழட்டிட்டு உக்காராதீங்க, மடி மேல வர்ற பட்டைய தையலுக்கு கீழ இடுப்பெலும்பு மேல வர்ற மாதிரி போட்டுட்டு நடுவுல ஒரு துண்ட மடிச்சு வெச்சுக்கலாம்.

அடுத்தது வாந்தி. மலை ஏறும்போது வாந்தி வர்ற ஆளுக்கு ஆபரேஷன் பண்ண வயித்தோட வாந்தி வந்தா அது பெரிய அவஸ்தை. டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டர்கிட்ட "நாங்க மலைக்கு போறோம், வண்டியில வாந்தி வரும்"னு வாயத் திறந்து சொல்லுங்க, அதுக்கு மாத்திரை எழுதி தருவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும். நாம சொல்லலைன்னா அவங்களா கேக்க மாட்டாங்க, அவங்களுக்கு நம்ம ரோடு தெரியாது.

ஸ்வெட்டர் விஷயமும் இதே தான். கம்பளி மூட்டையா கொண்டு போறோம், ஏப்ரல் மே மாசத்துல கோயமுத்தூர் பொது வார்டுல அது எதுவும் பிரிக்கவே மாட்டோம், வேர்த்து ஊத்தும். அதே சமயம் ஆபரேஷன் தியேட்டரும் ஏசி ரூமும் குளிரும், அதுக்கு ஒரு சால்வை, ஒரு சாக்ஸ் போதும். ஆனா டிஸ்சார்ஜ் ஆகி வண்டியில ஏறும்போது நைட்டியோட ஏறிடுவாங்க, பில்லு, இன்சூரன்ஸ் அப்ரூவல் எல்லாம் முடிஞ்சு கிளம்பவே சாயங்காலம் ஆகியிருக்கும், பர்லியாறு தாண்டினதும் மிஸ்ட் வந்து அடிக்கும்போது ஸ்வெட்டர் டிக்கியில எல்லா மூட்டைக்கும் அடியில கிடக்கும். எங்க அத்தை அப்படித்தான் நடுங்கிக்கிட்டே வந்தாங்க, நடுங்க நடுங்க முட்டி வலி இன்னும் கூடுச்சு. ஒரே ஒரு ஸ்வெட்டர், ஒரு குல்லா, ஒரு சாக்ஸ், இத தனி கவர்ல போட்டு கைக்கு எட்டுற இடத்துல வெச்சுக்கோங்க, அவ்வளவு தான்.

இப்ப சொல்றது ரொம்ப முக்கியம், கண்ணுல விழித்திரை ஆபரேஷனுக்கு போறவங்க இத மட்டுமாவது படிங்க. விழித்திரை கழண்டு போச்சுன்னா சில பேருக்கு கண்ணுக்குள்ள ஒரு கேஸ் குமிழி வெச்சு ஒட்ட வைப்பாங்க. உயரம் போகப் போக வெளிக்காத்தோட அழுத்தம் குறையும், சிப்ஸ் பாக்கெட் ஊட்டிக்கு வந்ததும் பொம்முன்னு உப்பி நிக்குதே, அதே மாதிரி கண்ணுக்குள்ள இருக்கிற கேஸும் விரியும். கண் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் தடைபட்டு, பார்வையே போற அளவுக்கு ஆபத்து. கேஸ் வகைய பொறுத்து அது கரையுறதுக்கு ரெண்டு மூணு வாரமும் ஆகலாம், ரெண்டு மாசம் வரைக்கும் கூட ஆகலாம். விமானத்துல போகாதீங்கன்னு எல்லா இடத்துலயும் சொல்லுவாங்க, ஆனா பிளைன்ஸ்ல இருக்கிற டாக்டருக்கு நீங்க ஊட்டிக்காரர்னு தெரிஞ்சா தானே மலை ஏறாதீங்கன்னு சொல்ல முடியும்? பெரியப்பாவுக்கு டாக்ஸி வரைக்கும் சொல்லி வெச்சாச்சு, ஒரு நர்ஸ் பேச்சுவாக்குல "எந்த ஊருங்கய்யா"ன்னு கேட்டாங்க, அவர் குன்னூர்னு சொன்னதும் தான் டாக்டர கூப்பிட்டு வந்தாங்க. அப்புறம் காரமடையில சித்தப்பா வீட்ல அஞ்சு வாரம் தங்கினார். அந்த நர்ஸ் கேக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் நெனச்சா நெஞ்சு பதறுது. தேதி குடுக்கும்போதே கேளுங்க, கேஸ் வைப்பீங்களா, நான் எத்தனை நாள் மேல போகக்கூடாதுன்னு. கேஸ் வைப்பாங்கன்னா பை ஒரு நாளுக்கு இல்ல, ஒரு மாசம் ரெண்டு மாசத்துக்கு கட்டணும், கீழ தங்குறதுக்கு இடமும் முன்னாடியே பாத்து வெக்கணும். அந்த கேஸ் இருக்கிற வரைக்கும் வேற எந்த ஆபரேஷனுக்கு போனாலும் மயக்க டாக்டர்கிட்ட அத சொல்லியே ஆகணும். சாதாரண புரை ஆபரேஷன்ல இந்த கேஸ் வெக்கிறதில்ல, அவங்க பயப்பட வேண்டாம்.

சுடுதண்ணி பேக். மலை வீட்ல அது இல்லாம தூக்கமே வராது, எங்க பெட்டியிலயும் போச்சு. முதுகுல ஊசி போட்டு மரக்க வெச்சு ஆபரேஷன் பண்ணா இடுப்புக்கு கீழ பல மணி நேரம் உணர்வே இருக்காது. கால் ஜில்லுன்னு இருக்கேன்னு பாசத்துல சுடுதண்ணி பேக்க வெச்சா தோல் வெந்தாலும் அவங்களுக்கு தெரியாது. சுகர் இருந்து பாதம் மரத்துப் போனவங்களுக்கும் இதே ஆபத்து தான். அத வீட்லயே வெச்சுட்டு போங்க, குளிருதுன்னா நர்ஸ்கிட்ட கேட்டா போர்வை தருவாங்க.

அப்புறம் டீ. நம்ம ஊர்ல டீ இல்லாம விடியாது, "சோறு தானே சாப்பிடக் கூடாது, டீ தானே"ன்னு குடிக்கிறவங்க எத்தனை பேர். பால் விட்ட டீ சாப்பாட்டு கணக்கு தான். பொதுவா மயக்க டாக்டர் சொல்றது, இட்லி மாதிரி லேசான சாப்பாடு, பால் எல்லாம் 6 மணி நேரம் முன்னாடியே நிறுத்தணும், எண்ணெய் பலகாரம், கறி எல்லாம்னா 8 மணி நேரம், வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும். உங்க ஆஸ்பத்திரியில வேற மாதிரி சொன்னா அது தான் கணக்கு. வயித்துல இருக்கிறது மயக்கத்துல மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும், உயிருக்கே ஆபத்து, அதுக்குத்தான் இவ்வளவு கண்டிப்பு. தெரியாம குடிச்சுட்டீங்கன்னா மறைக்காதீங்க, ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், போகட்டுமே.

மாத்திரைகள ஒரு டப்பாவுல கொட்டி கொண்டு போறது இன்னொரு தவறு. வெள்ளையா ஒண்ணு, ரோஸா ஒண்ணுன்னு சொன்னா டாக்டருக்கு எப்படி புரியும், அட்டையோட கொண்டு போங்க. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாம இருக்க போடுற மாத்திரைய பக்கத்து வீட்ல சொன்னாங்கன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது, கேக்காம தொடரவும் கூடாது. இதய ரத்தக் குழாய்ல ஸ்டென்ட் வெச்சவங்க திடீர்னு நிறுத்தினா அது தனி ஆபத்து. சுகருக்கு டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு போடுறவங்க இருந்தா ஒரு வாரம் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அத வழக்கமா 3 நாள் முன்னாடியே நிறுத்த சொல்லுவாங்க, முதல் நாள் ராத்திரி போய் சொன்னா தேதி தள்ளிப்போகும். நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் அதையும் சொல்லணும், "அது மருந்து இல்லீங்க"ன்னு மறைக்கிறோம் பாருங்க, அது தப்பு.

பேப்பர் விஷயத்துல எனக்கு நடந்தத சொல்றேன். ஆதார்ல என் பேருக்கு பின்னாடி இனிஷியல், ரேஷன் கார்டுல அப்பா பேரே முழுசா, பழைய ஸ்கேன்ல கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் இனிஷியல். இன்சூரன்ஸ் கவுண்டர்ல இது மூணும் ஒரே ஆளா-ன்னு கேட்டு ஒரு நாள் முழுக்க ஓட விட்டாங்க. வலியோட பெஞ்சுல உக்காந்திருந்த எனக்கு அன்னைக்கு அழுகையே வந்துடுச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வெச்சிருக்கிறவங்க, அது குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும், வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிறவங்களுக்கு. ஆனா எல்லா ஆஸ்பத்திரியும் எல்லா ஆபரேஷனும் அதுல வராது. அட்மிஷனுக்கு ஒரு வாரம் முன்னாடியே காப்பீட்டு கவுண்டர்ல போன் பண்ணி கேட்டுட்டு ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை மூணுலயும் பேர் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கோங்க. மறந்துட்டோம்னா திரும்பி மேல வந்து எடுத்துட்டு போக முடியுமா, ஒரு நாளே போயிடும். எல்லாத்தையும் ரெண்டு ஜெராக்ஸ், போன்ல ஒரு போட்டோ.

நகைய வீட்லயே கழட்டிடுங்க. மெட்டி, மூக்குத்தி வருஷக்கணக்கா கழட்டாம இறுகி இருக்கும், தியேட்டர் வாசல்ல சோப்பு போட்டு உருவுறது ரொம்ப பாவம். தாலிய கழட்ட மனசு வராது தான், எனக்கும் வரல, ஆனா ரத்தம் நிறுத்த கரண்ட் வெச்சு சுடுவாங்க, உடம்புல உலோகம் இருந்தா அந்த இடம் சுட்டுடலாம், அதனால மஞ்சக் கயித்துல மஞ்சள் துண்டு கட்டி போட்டுட்டு போனேன், அதுக்கு ஒண்ணும் சொல்லல. விரல்ல மருதாணி, நகப்பாலிஷ் வேண்டாம், ஆக்சிஜன் பாக்குற கிளிப் அந்த நகத்துல தான் மாட்டுவாங்க. முடிய நீங்களே பிளேடு வெச்சு மழிக்காதீங்க, கண்ணுக்கு தெரியாத கீறல்ல கிருமி ஏறும், தேவைன்னா அவங்களே மெஷின்ல எடுப்பாங்க.

காலையில நாலு மணிக்கு கிளம்பி எட்டு மணிக்கு போய் சேந்துடலாம்னு கணக்கு போடாதீங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் எப்ப எங்க மண் சரியும், மரம் விழும்னு யாருக்கு தெரியும். 2009 நவம்பர்ல நீலகிரியில நடந்த பெரிய மண்சரிவ பாத்தவங்க யாரும் அந்த ரோட நம்பி கணக்கு போட மாட்டாங்க. சீசன்ல வேற மாதிரி, ஊட்டிக்கு ஏறுற வண்டி குன்னூர் வழியா, எறங்குறது கோத்தகிரி வழியான்னு ஒருவழியா மாத்திடுவாங்க, சனி ஞாயிறுல வண்டி நகராது. முதல் நாளே மதியம் எறங்கிடுங்க. ரத்தம் தேவைப்படும், டோனர் கொண்டு வாங்கன்னு சொல்லியிருந்தா அவங்களையும் அப்பவே கூட்டிட்டு போங்க, 18 வயசுக்கு மேல, 45 கிலோவுக்கு மேல, சாப்பிட்டுட்டு வரணும். மலையில இருந்து அப்புறம் போன் பண்ணி ஆள் வரவழைக்கிறது லேசுப்பட்ட விஷயம் இல்ல.

கூட தங்குறவங்களுக்கு ஒரு பாய், பெட்ஷீட், பிளாஸ்க், டம்ளர், நீள வயரோட சார்ஜர், மடங்குற ஸ்ட்ரா, அவங்க மாத்திரையும் மறக்காம. நோயாளிக்கு முன்பக்கம் திறக்கிற நைட்டியோ பட்டன் சட்டையோ, பழகின ரப்பர் செருப்பு. புது செருப்பு வழுக்கும்.

கடைசியா வீடு. நம்ம வீடு எல்லாம் ரோட்டுக்கு மேலயோ கீழயோ தானே இருக்கு, எங்க வீட்டுக்கு ரோட்ல இருந்து 32 படி எறங்கணும், ஓரத்துல பிடிக்க ஒண்ணும் கிடையாது, பாசி வேற. அத்தைக்கு ஆபரேஷன் பண்ணப்ப அத யாரும் யோசிக்கல, ராத்திரி எட்டு மணிக்கு மழையில நாலு பேர் பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு தூக்கிட்டு எறங்கினோம், அவங்க பயத்துல என் கைய விடவே இல்ல. எனக்கு தேதி குடுத்ததும் வீட்டுக்காரர் முதல்ல பண்ணது படி ஓரமா இரும்பு பைப் பதிச்சு பாசிய சுரண்டினது தான். அத்தைக்கு இப்ப அடுத்த முட்டியும் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க, இந்த தடவை டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே பிசியோகிட்ட எங்க படிய போட்டோ காட்டி ஆஸ்பத்திரி படியிலயே நடக்க வெச்சு பழக்க சொல்லணும்னு இருக்கோம், ஏறும்போது நல்ல கால் முதல்ல, எறங்கும்போது ஆபரேஷன் பண்ண கால் முதல்ல. டிஸ்சார்ஜ் பேப்பர்லயும் ராத்திரி எந்த நம்பருக்கு கூப்பிடணும்னு எழுதி வாங்கிடுவோம், காய்ச்சல், தையல்ல சீழ், கெண்டைக்கால் வீக்கம்னா உடனே அந்த நம்பருக்கு, மூச்சு திணறினா யோசிக்காம 108. கீழ போய் சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள மேலயே எந்த ஆஸ்பத்திரிக்கு போகணும்னும் அவங்ககிட்டயே கேட்டு அதே பேப்பர்ல எழுதி வெச்சுக்கப் போறோம்.