சஸ்பென்ஷன் புஷ் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி, தினமும் ஓடிக்கொண்டிருக்கும் காரில் முன்சக்கரப் பக்கம் 'டொக்' என்று சத்தம் வந்தால், பட்டறையில் முதலில் சொல்வது பெரும்பாலும் "லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சு" என்பதுதான். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்க்கும் கீழ்க் கை. அது சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் இணைப்புதான் புஷ். பல நேரம் அந்தக் கணிப்பு சரியாகவும் இருக்கும். ஆனால் புது புஷ் போட்ட சில மாதங்களிலேயே அதே சத்தம் திரும்பிவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். பொருள் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், அதை எப்படிப் பூட்டினார்கள் என்று பார்க்க வேண்டும்.

புஷ்ஷின் அமைப்பு எளிமையானது. உள்ளே ஒரு இரும்புக் குழல், வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் இறுக ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் குழல் கிராஸ் மெம்பரோடு (ஆர்ம்களைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) அசையாமல் பிடிபட்டுவிடுகிறது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது எதுவும் எதன்மீதும் உருளுவதோ வழுக்குவதோ இல்லை. ரப்பர் முறுக்கிக்கொடுத்துத் திரும்புகிறது, அவ்வளவுதான். அதை பேரிங் மாதிரி நினைத்துக்கொண்டு வேலை செய்வதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

அதில் மிகப் பெரிய தவறு, காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுசாக முறுக்கிவிடுவது. நம் ஊர்ப் பட்டறைகளில் இது சர்வசாதாரணம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்ம் 32 செ.மீ. நீளம், தூக்கியதும் சக்கரம் 8 செ.மீ. கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்ம் ஏறக்குறைய 14 டிகிரி சாய்ந்திருக்கும். அந்த நிலையில் உள் குழலைப் பூட்டிவிட்டுக் காரை இறக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் 14 டிகிரி முறுக்கோடு இருக்கும். பிழிந்த துணியை அப்படியே கட்டிவைத்தது போல. அதற்குமேல் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் பள்ளத்திலும் சக்கரம் மேலேறும்போது இன்னும் முறுக்க வேண்டும். நல்ல கம்பெனி ரப்பரே ஆனாலும் சீக்கிரம் கிழிந்துவிடும்.

சரியான முறை கடினமே இல்லை. காரைத் தூக்குவதற்கு முன், சமதரையில் நிற்கும்போது, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மேலே ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடித் தகடு) விளிம்புவரை டேப் வைத்து அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். போல்ட்களைக் கையால் மட்டும் பூட்டுங்கள். அப்புறம் பால் ஜாயின்ட் (ஆர்ம் சக்கரப் பகுதியோடு சேரும் உருண்டை மூட்டு) இருக்கும் பக்கத்தில் இன்னொரு ஜாக்கி கொடுத்து, அதே அளவு வரும்வரை சக்கரப் பகுதியை உயர்த்தி, அதன் பிறகு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) கடைசி இறுக்கு கொடுங்கள். வேலை செய்ய பிட் (வண்டிக்கு அடியில் இறங்கி நிற்கும் குழி) இருந்தால் இன்னும் சுலபம். சக்கரத்தை மாட்டி, பிட்டின்மேல் நிறுத்தி, பானெட்டை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டுக் கீழிருந்து இறுக்கலாம். போல்ட் படுக்கையாகப் போகும் எல்லா புஷ்களுக்கும் இது கட்டாயம். சில கார்களில் ஆர்மின் பின் புஷ் செங்குத்தாக நிற்கும், அதில் இந்தப் பிரச்சினை அவ்வளவு வராது. மெக்கானிக்கிடம் வேலை கொடுக்கும்போது இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, இறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது, சத்தத்தை மட்டும் வைத்து புஷ்தான் என்று முடிவு செய்வது. மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடு பள்ளங்களில் 'டக டக' என்று வந்தால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க்கை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை சஸ்பென்ஷனோடு சேர்க்கும் சின்னத் தண்டு) பாருங்கள். விலையும் குறைவு, மாற்றவும் சுலபம். நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது முனகினால் ஸ்ட்ரட் மவுன்ட்டை (ஷாக் அப்சார்பரின் மேல் முனையை பாடியோடு சேர்க்கும் தாங்கி) சந்தேகப்படலாம். பிரேக் போட்டதும் ஒரு தட்டு, முதல் கியரிலிருந்து ரிவர்ஸ் மாற்றி நகர்த்தும்போது இன்னொரு தட்டு, பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்வது: இவைதான் லோயர் ஆர்ம் புஷ் காட்டும் அடையாளங்கள். வண்டியை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்முக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவே நீளமான லிவரைக் கொடுத்து நெம்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ரப்பர் கொஞ்சம் அமுங்கித் திரும்பினால் நல்லது. குழலைவிட்டுப் பிரிந்து இடைவெளி தெரிந்தால் மாற்ற வேண்டும். மேலோட்டமான மயிரிழை வெடிப்பு பழைய ரப்பரில் இருக்கத்தான் செய்யும், அதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை.

சத்தத்தை அடக்க கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவுவதும், புது புஷ்ஷை ஏற்ற அதைப் பூசுவதும் தவறு. சாதாரண புஷ்களில் இருப்பது பெரும்பாலும் இயற்கை ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதி, மெத்தென்றாகி, பிய்ந்துபோகும். ஏற்றுவதற்கு வழுக்கல் வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் போதும். கடலோர ஊர்களில் துருப்பிடித்த போல்ட்டுக்குத் துரு இளக்கும் ஸ்ப்ரே அடிக்க வேண்டியிருக்கும். அடியுங்கள், ஆனால் புது ரப்பர் ஏறுவதற்கு முன் ஆர்மை நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

பழைய புஷ்ஷை காஸ் வெல்டிங் நெருப்பில் எரித்து எடுப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அந்தப் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல, சூட்டில் ஆர்மின் பெயிண்ட் போய் உடனே துரு பிடிக்கும், அலுமினிய ஆர்ம் என்றால் அதன் பலமே கெட்டுவிடும். பக்கத்து லேத்தில் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும், அங்கே கொண்டுபோங்கள். பிரஸ்ஸில் அழுத்தம் வெளி வளையத்தின்மேல் மட்டும் விழ வேண்டும். அதற்கேற்ற அளவில் ஒரு குழாய்த் துண்டோ பெரிய சாக்கெட்டோ வைத்து அழுத்தச் சொல்லுங்கள். உள் குழலை அழுத்தினால் போடும்போதே ரப்பர் ஒட்டு விட்டுவிடும். சுத்தியலால் அடித்து ஏற்றினாலும் கதி அதேதான்.

ஏற்றுவதற்கு முன் திசையையும் கவனியுங்கள். சில புஷ்களில் ரப்பருக்குள் பிறை வடிவில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். ஒரு திசையில் இளக்கமாகவும் இன்னொரு திசையில் கெட்டியாகவும் இருக்க வேண்டும் என்றே செய்தது அது. பழையதைக் கழற்றும் முன் ஆர்மின்மேல் மார்க்கரால் கோடு போட்டு, ஒரு போட்டோவும் எடுத்துவைத்தால் குழப்பமே வராது.

கெட்டியாக இருக்குமே என்று பாலியூரித்தேன் புஷ் வாங்குவதை தினசரி ஓட்டும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ரேஸ் டிராக்கில் அது பொருந்தும். ஆபீஸ் போகிற வண்டியில் சாலையின் அதிர்வெல்லாம் உள்ளே வந்து உட்காரும், அந்த வகைக்கென்று பூசும் கிரீஸ் காய்ந்ததும் கிரீச்சிடும்.

பல சின்ன கார்களில் பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது. அதுவும் ஆடிப்போயிருந்தால் புஷ் மட்டும் மாற்றிக் காசு மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். பிரஸ் கூலி, திரும்பக் கழற்றும் கூலி எல்லாம் சேர்த்தால் முழு ஆர்ம் விலையை நெருங்கிவிடும். இடது வலது இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். ஒரு பக்கம் புது கெட்டி, இன்னொரு பக்கம் பழைய தொளதொளப்பு என்றால் பிரேக்கில் இழுவை போகாது. ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று மேனுவல் சொல்லும் நட்டுகளையும் புதிதாகவே வாங்குங்கள்.

வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். அப்புறம், டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா மாதிரி டபுள் விஷ்போன் (சக்கரத்துக்கு மேலும் கீழும் ஒவ்வொரு ஆர்ம்) அமைப்பில் ஸ்பிரிங்கின் முழு விசையும் கீழ் ஆர்மில் இறங்கும். அதைத் தெரியாமல் கழற்றினால் ஆர்ம் தெறித்து அடிக்கும். அந்த வேலை பழக்கப்பட்டவர் கையில் இருக்கட்டும்.

கடைசியாக வீல் அலைன்மென்ட். புஷ் மாற்றுவதற்கு முன் செய்தால் அந்தப் பணம் வீண். மாற்றி முடித்து, சில நாள் ஓட்டிய பிறகு செய்யுங்கள், பிரின்ட் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான சின்ன கார்களில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் திருத்த முடியும், கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) காஸ்டரும் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சின் சாய்வு) வெறும் அளவுகளாகத் தெரியும். புது புஷ் போட்ட பிறகும் ஒரு பக்கத்தில் அவை வரம்புக்கு வெளியே நின்றால், பள்ளத்தில் விழுந்து ஆர்மோ கிராஸ் மெம்பரோ வளைந்திருக்கக்கூடும். டை ராடை (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் தண்டு) திருகி டோவை மட்டும் திரையில் பச்சைக்குக் கொண்டுவந்து "எல்லாம் ஓகே" என்றால் ஏற்காமல், வண்டியைத் தூக்கி அந்தப் பக்கத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.