நீலகிரிக்காரர்களுக்கு ஒரு டா லாட் வழிகாட்டி: மலை ரயில் பாதையும் அதன் ஓரத்துச் சின்னங்களும்

உதகை, குன்னூர் பக்கத்திலிருந்து வியட்நாமின் மலை நகரமான டா லாட்டுக்குச் செல்பவர்கள், சுற்றுலா முகவர்கள் முதலில் எடுத்து நீட்டும் ஏரிப் படகு, மலர்ப் பூங்கா, ஸ்ட்ராபெர்ரித் தோட்டம் ஆகியவற்றைத் தயங்காமல் அட்டவணையிலிருந்து நீக்கிவிடலாம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், பிரெஞ்சு ஆட்சியாளர்கள் கோடை வெயிலுக்கு ஒதுங்குவதற்காக அமைத்த அந்த ஊரில் அவை யாவும் நம் ஊரில் இருப்பது போலத்தான் இருக்கின்றன. பார்க்க வேண்டியது, நம்முடையதைப் போலவே உருவாகி வேறு கதியை அடைந்த ஒரு மலை ரயில் பாதை.

புறப்படும் முன் மின்னணு விசா எடுத்துக்கொள்ள வேண்டும். கொச்சியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஹோ சி மின் நகருக்கு 2023இல் நேரடி விமானங்கள் தொடங்கப்பட்டன. உங்கள் பயண நாளில் அவை உண்டா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். அங்கிருந்து டா லாட் சுமார் 300 கி.மீ.; இரவு ஸ்லீப்பர் பஸ்ஸே வசதி. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. நம் ஊர்க் குளிருக்குப் பழகியவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும்.

முதலில் ரயில் நிலையத்துக்குச் செல்லுங்கள். 1938இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த மஞ்சள் நிறக் கட்டடத்தின் மூன்று கூர்முகடுகளையும், அவற்றின் கீழுள்ள வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் உள்ளே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். இங்கிருந்து சமவெளியிலுள்ள தாப் சாம் வரை 84 கி.மீ. மீட்டர் கேஜ் பாதை 1932இல் முழுமை பெற்றது. கல்லாறு–குன்னூர் ஏற்றத்தைப் போலச் செங்குத்தான பகுதிகளில், எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறுவதற்கான பல் தண்டவாளத்துடன் பல்சக்கரப் பாதை போடப்பட்டிருந்தது. நம் பாதையின் ஏற்றம் 12 அடிக்கு ஓரடி என்றால், அங்கே 100 அடிக்கு 12 அடி. அதில் ஓடிய எஞ்சின்களில் பல, நம் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் பிறந்த அதே சுவிஸ் நகரமான விண்டர்தூரில் செய்யப்பட்டவை. வியட்நாம் போரினால் 1960களின் இறுதியில் வண்டிகள் நின்றன. 1975க்குப் பின் தண்டவாளங்கள் கழற்றப்பட்டு, வடக்கு–தெற்கு முதன்மைப் பாதையைச் செப்பனிடப் பயன்படுத்தப்பட்டன. எஞ்சியிருந்த எஞ்சின்கள் 1990இல் சுவிட்சர்லாந்துக்கே திரும்பின. குன்னூர்ப் பணிமனையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இச்செய்தி சற்று உறைக்கும்.

இன்று ஓடுவது டிராய் மாட் வரையிலான 7 கி.மீ. மட்டுமே. டீசல் எஞ்சின் இழுக்கும் அந்த வண்டி அரை மணி நேரத்தில் போய்ச் சேரும். போதிய ஆட்கள் சேராவிட்டால் நடை ரத்தாகும் என்பதால், முதல் நாளே கவுண்டரில் நேரத்தைக் கேட்டு வையுங்கள். வழியெங்கும் காய்கறிப் பசுமைக்குடில்கள் தெரியும். கேத்தி பக்கத்துக் கேரட் தோட்டங்களைப் பார்த்த கண்ணுக்கு அந்த பிளாஸ்டிக் கூரைகள் அழகாகத் தோன்றாது.

டிராய் மாட்டில் இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் லின் ஃபுவோக் புத்த விகாரை. தூண், சுவர், கூரை விளிம்பு என எங்கும் உடைந்த பீங்கான் கிண்ணங்கள், தட்டுகளின் சில்லுகள் பதிக்கப்பட்டுள்ளன. அருகில் சென்றால் சில்லுகளில் பழைய நீலப் பூவேலையும் கிண்ண விளிம்பின் வளைவும் தெரியும். முற்றத்து டிராகனின் செதில்கள் பீர் பாட்டில்கள். ஏறத்தாழ 12,000 பாட்டில்கள். மணிக்கூண்டில் தொங்கும் பெரிய மணியின் மேல் மக்கள் வேண்டுதல் சீட்டுகளை ஒட்டிச் செல்கிறார்கள். வண்டி காத்திருக்கும் அரை மணி நேரம் இதற்குப் போதாது. ஒரு வழிக்கு மட்டும் ரயிலில் வந்து, டாக்ஸியில் திரும்புவதே என் பரிந்துரை.

நகருக்குள் கடைசிப் பேரரசர் பாவோ தாயின் கோடை மாளிகையையும், 1942இல் முடிக்கப்பட்ட தேவாலயத்தையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். பெண் கட்டடக் கலைஞர் தாங் வியட் ங்கா மரப்பொந்து வடிவில் எழுப்பிய விந்தை வீட்டுக்குச் சிறு குழந்தைகளை அழைத்துச் சென்றால் கையை விடாதீர்கள். படிகள் குறுகல், கைப்பிடிகள் தாழ்வு.

திரும்பும்போது ஹோ சி மின் நகருக்கு நேரே பஸ் ஏறாமல், மலையிறங்கி, தாப் சாம் நிலையம் இருக்கும் சமவெளி நகரமான ஃபான் ராங் செல்லுங்கள். கணவாய்ச் சாலையில் நீர்மின் நிலையத்தின் ராட்சதக் குழாய்கள் சரிவில் இறங்குவதைக் காணும்போது நம் நீலகிரியின் சிங்காரா மின் நிலையம் நினைவுக்கு வரும். கீழே, தாப் சாம் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள குன்றின் மேல் சாம் மக்களின் பழைய அரசான சம்பாவின் மன்னர் காலத்துப் போ குளோங் கராய் சிவன் கோயில் செங்கல் கோபுரங்களாக நிற்கிறது. சுமார் 1300ஆம் ஆண்டில் எழுந்தது; வாயிலின் மேல் ஆடும் சிவன், நிலைக்கற்களில் சாம் மொழிக் கல்வெட்டு, உள்ளே மன்னரின் முகம் பொறித்த லிங்கம், அதற்கு முன் நந்தி. சாம் மக்கள் இன்றும் வழிபடும் கோயில் என்பதால் காலணியைக் கழற்றிவிட்டே கருவறைக்குள் நுழைய வேண்டும். வெயில் ஏறுமுன் காலையில் செல்வது நல்லது.

தாப் சாமிலிருந்து ஹோ சி மின் நகருக்கு முதன்மைப் பாதையில் ரயில் உண்டு. பயணச்சீட்டுக்குக் கடவுச்சீட்டு எண் கேட்பார்கள். விடுமுறை நாட்களென்றால் இருக்கையை முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.