புது மென்பொருள் பழக்குவோருக்கு: ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியல் செய்வது எப்படி?

போன காலபோக அறுவடை நேரம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் கொள்வனவு நிலையத்தில் எக்செல் பதிவேடு பழக்கினேன். அங்கே வேலை செய்தது, கொப்பியில் எழுதிப் பழகிய இரண்டு பிள்ளைகள். நான் எடுத்த வகுப்பைவிட ஒரு பக்கத் தாள்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது.

முதல் வேலை, கதிரையைத் தூக்கிக்கொண்டு தராசடிக்குப் போய் இருப்பது. நெல் ஏற்றிய லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) வந்து நிற்கும், கமக்காரர் அடையாள அட்டையை நீட்டுவார், ஈரப்பதன் பார்ப்பார்கள், மூட்டை தராசில் ஏறும். பட்டியலும் அதே ஒழுங்கில் வரவேண்டும், மெனு ஒழுங்கில் அல்ல.

அடுத்தது நான் இடறிய இடம். "கமக்காரர் விபரத்தைப் பதியவும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த இருவரில் ஒரு தங்கச்சி பதிந்தா, சரி போட்டா. பின்னேரம் அச்செடுத்தால் அடையாள அட்டை நிரலில் பல இடங்களில் 1.98 என்று தொடங்கி "E+11" என்று முடிகிறது. பழைய அட்டையில் 9 இலக்கத்தோடு ஓர் எழுத்து இருப்பதால் எக்செல் அதைத் தொடாது. புதிய அட்டையில் 12 இலக்கம் மட்டும். 11 இலக்கத்தைத் தாண்டினால் எக்செல் இப்படிச் சுருக்கிக் காட்டிவிடும். பிழை என் வரியில்தான். எப்போது அந்த வேலை முடிந்தது என்று அது சொல்லவேயில்லை. இப்படி மாற்றினேன்:

"அட்டை இலக்கத்தைப் பதிந்து, அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடிக்கவும். கடைசி 4 இலக்கமும் ஒன்றா?"

ஒவ்வொரு வரியிலும் செய்வதும் இருக்கட்டும், செய்தபின் கண்ணில் படுவதும் இருக்கட்டும். நிரலை முன்கூட்டியே 'உரை' வடிவத்துக்கு மாற்றுவது பழக்குபவரின் வேலை. அதைப் பிள்ளைகளின் தாளில் ஏற்றாதீர்கள்.

ஏழெட்டு வரி போதும். 1935இல் போயிங்கின் சோதனை விமானமொன்று, தரையில் நிற்கும்போது போடும் பூட்டைக் கழற்றாமல் கிளம்பி விழுந்தது. அதன்பின் விமானிகளுக்கு வந்த பட்டியல் விமானம் ஓட்டக் கற்றுத்தரவில்லை, மறந்தால் ஆபத்தானவற்றை மட்டும் கேட்டது. கணினியைத் திறப்பது, மூடுவது எல்லாம் முதல் வாரத்துக்கான தனித்தாளில் போகட்டும்.

செயலி வேண்டாம். தாளை லமினேட் செய்து வைட்போர்ட் மார்க்கரால் சரி போடுங்கள். அடுத்த கமக்காரர் வர அழித்துவிடலாம். பல நிலையங்களை ஒரே இடத்தில் இருந்து பார்ப்பவருக்கு மட்டும் கூகுள் ஷீட்ஸின் தேர்வுப்பெட்டி நல்லது.

பிற்சேர்க்கை: வவுனியாவிலிருந்து ஒருவர், "எல்லாம் முடிந்தபின் மொத்தமாகச் சரி போடுகிறார்கள்" என்று எழுதியிருந்தார். பற்றுச்சீட்டு அச்சிடும் வரிக்கு மேலே தடித்த கோடு ஒன்று போடுங்கள். அந்தக் கோட்டில் நின்று ஒருவர் வாசிக்க, மற்றவர் திரையைப் பார்த்துச் சரி போடட்டும். பிறகு அச்சிடலாம்.