‘அவர் என்னைப் பார்த்துவிட்டார்’: தினமும் பைக்கில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை நேரம், நல்ல வெளிச்சம். நான் பிரதான சாலையில் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். கிளைச்சாலை வந்து சேரும் இடத்தில் ஒரு கார் நின்றிருந்தது. ஓட்டியவர் தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்தார். நேருக்கு நேர் பார்த்தார் என்றுதான் இன்றும் சொல்வேன். அவருடைய மூக்குக்கண்ணாடி வெயிலில் பளிச்சிட்டதுகூட நினைவிருக்கிறது. சரி, பார்த்துவிட்டார், நிற்பார் என்று நினைத்து நான் வேகத்தைக் குறைக்கவில்லை. அடுத்த நொடி கார் சாலைக்குள் வந்துவிட்டது.

பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போக, அவருடைய கதவுக்கு ஒரு முழம் தள்ளி எப்படியோ நின்றேன். அவர் கார்க் கண்ணாடியை இறக்கினார். முகம் வெளிறிப் போயிருந்தது. “சத்தியமா உங்களைப் பார்க்கவே இல்லைங்க” என்றார். பொய் சொல்கிறார் என்றுதான் அப்போது எனக்குக் கோபம் வந்தது. பிறகு இதைப் பற்றித் தேடிப் படிக்கப் படிக்க, அந்த மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. கூடவே, அன்று நான் செய்த தவறு என்ன என்பதும் புரிந்தது.

கண் பட்டது, மனதில் பதியவில்லை

இருபுறமும் சட்டென்று திரும்பிப் பார்க்கும்போது நம் கண் சாலையை ஒரே சீராகத் தடவிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவித் தாவிப் போகிறது. தாவும் அந்தச் சிறு கணத்தில் மூளை பார்வையை ஏறக்குறைய அணைத்தே வைக்கிறது. இடைவெளி தெரியாமல் முன்னும் பின்னும் பார்த்ததை வைத்து ஒட்டுப் போட்டுக்கொள்கிறது. ஒரு லாரியோ பஸ்ஸோ அந்த இடைவெளிக்குள் மறையாது. ஒல்லியான பைக் மறைந்துவிடும்.

காரின் முன்கண்ணாடிக்கு இரு ஓரமும் இருக்கும் தூண்கள் இன்னொரு சிக்கல். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: அந்தத் தூண் ஒரு பைக்கையும் அதில் இருப்பவரையும் சேர்த்தே மறைத்துவிடும். நீங்கள் நகர, அவரும் மெதுவாக நகர, இருவர் வேகமும் பொருந்திவிட்டால் நீங்கள் சில நொடிகள் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே இருப்பீர்கள்.

மனம் எதைத் தேடுகிறதோ அதுதான் கண்ணுக்குத் தெரியும் என்பதும் நிரூபணமான ஒன்று. 1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பந்தைக் கைமாற்றி விளையாடுகிறவர்களின் காணொளியைக் காட்டி, எத்தனை முறை பந்து கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் வந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதைக் கவனிக்கவே இல்லை. கார் வருகிறதா என்று தேடுகிற கண்ணுக்கு பைக் தட்டுப்படாமல் போவதில் என்ன ஆச்சரியம்?

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை தந்தது. இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வண்டிக்காரர் பைக்குக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. ஆபத்து தெரிந்து மோதும் வரை பைக் ஓட்டியவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 நொடிக்கும் குறைவு. அறிக்கை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மனிதக் கண் மட்டும் அப்படியே இருக்கிறது, அதன் முன்னால் இப்போது போன் வேறு வந்துவிட்டது.

ஆகவே முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரிய தவறு, கண்ணோடு கண் பார்த்ததை உத்தரவாதமாக எடுத்துக்கொள்வது. ஓட்டுநரின் முகத்தைப் பார்க்காதீர்கள், காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். கார் ஒரு சாண் நகர்ந்தால் உடம்பில் தெரியாது, சக்கரத்தின் சுழற்சியில் உடனே தெரியும். அந்த இடம் நெருங்கும்போதே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, இரண்டு விரல்களை முன் பிரேக் மேல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாதைக்குள்ளேயே கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து வாருங்கள். நேர்கோட்டில் வருகிற பைக் பின்னணியோடு ஒட்டிக்கொண்டு, அசையாத புள்ளி போலத் தெரியும். லேசாக இடம் மாறினால் கண்ணை இழுக்கும். நான் இப்போது ஒவ்வொரு கிளைச்சாலையிலும் இதைச் செய்கிறேன். அப்படிச் செய்துமே ஒரு சிலர் குறுக்கே வரத்தான் செய்கிறார்கள், ஆனால் நிற்க இடம் இருக்கிறது.

“என் பக்கம்தானே நியாயம்?”

நியாயம் உங்கள் பக்கமே இருக்கட்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்து, புரிந்து, கை பிரேக்கை அழுத்தத் தொடங்க ஒன்றரை நொடி என்று வைத்தால், அதற்குள்ளேயே 25 மீட்டர் கடந்துவிடும். காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னும் ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். அதே சாலையில் 40-இல் வருகிறவர் யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து 26 மீட்டரில் நின்றேவிடுவார். அதாவது 60-இல் வந்தவர் பிரேக்கைத் தொடத் தொடங்கும் இடத்தில் 40-இல் வந்தவர் ஏறக்குறைய நின்றிருப்பார். சாலை முழுக்க 40-இல் போகச் சொல்லவில்லை. சந்திப்பு, கிளைச்சாலை, எதிரே வந்து உங்கள் பாதைக்குக் குறுக்கே திரும்பக் காத்திருக்கும் கார், இந்த மூன்றையும் கண்டால் மட்டும் குறையுங்கள் என்கிறேன். விரல் ஏற்கெனவே பிரேக் மேல் இருந்து அரை நொடி மிச்சமானாலே 60-இல் 8 மீட்டர் கிடைக்கும். அது இரண்டு கார் நீளம்.

எதிரே திரும்பக் காத்திருப்பவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் உங்களைப் பார்த்தே இருப்பார், ஆனால் தூரத்தைத் தவறாகக் கணிப்பார். சின்ன உருவம் தள்ளி வருவது போலவும், மெதுவாக வருவது போலவும் தோன்றுவது மனித இயல்பு. இரவில் இது இன்னும் மோசம். காருக்கு இரண்டு விளக்கு, அவற்றின் இடைவெளி விரிவதை வைத்து வேகம் புரியும். பைக்குக்கு ஒற்றை விளக்கு, அதில் விரிய எதுவும் இல்லை. பின்னால் ஒரு கார் வந்துவிட்டால் உங்கள் விளக்கு அதன் வெளிச்சத்தில் கரைந்தே போகும். அந்த நேரத்தில் ஹெட்லைட்டை அடித்துக் காட்டுவதிலும் ஆபத்து உண்டு. “நீங்க போங்க” என்று வழிவிடுவதாக அவர் எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போவது

காருக்குப் பக்கத்தில், அதன் பின்கதவுக்கு நேராக, அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பவர்களை தினமும் பார்க்கிறேன். பக்கக் கண்ணாடியிலும் தெரியாத, தலையைத் திருப்பாமல் பார்க்க முடியாத இடம் அது. ஒன்று கடந்து போய்விடுங்கள், இல்லை பின்தங்குங்கள். லாரி, பஸ் என்றால் கணக்கு எளிது: அவருடைய பக்கக் கண்ணாடியில் உங்களுக்கு அவர் முகம் தெரியவில்லையென்றால் அவருக்கும் உங்களைத் தெரியாது. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். சிக்னலில் லாரியின் உள்பக்க இடைவெளியில் போய் நுழைவதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். எத்தனை அவசரமானாலும் வேண்டாம்.

நெரிசலில் ஒரு வரிசை நின்று இன்னொரு வரிசை நகர்கிறதா? நிற்கிற வரிசையில் இருக்கும் ஒருவர் பொறுமை இழந்து அந்த இடைவெளிக்குள் தாவப் போகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இண்டிகேட்டர் போடுவார் என்று காத்திருக்க வேண்டாம். முன்சக்கரம் திரும்புவதுதான் முதலில் தெரியும். நிறுத்திய கார்களின் ஓரமாகப் போகும்போது கதவு ஒன்றின் அகலம் விட்டுப் போக வேண்டும். இறங்குகிறவர் பின்னால் பார்க்க மாட்டார்.

போன் பார்க்கிறவரைக் கண்டுபிடிப்பது

போனில் பேசிக்கொண்டே ஓட்டுகிறவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையில் பிடிக்காமல் பேசினாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் சொல்கிறது. ஒரு செய்தியைப் படிக்க 3 நொடி போதும், 60-இல் அது 50 மீட்டர். அவ்வளவு தூரமும் அந்தக் கார் யாரும் ஓட்டாமல் போகிறது.

இவர்களைக் கொஞ்சம் பழகினால் அடையாளம் காணலாம். வண்டி தன் பாதைக்குள் மெல்ல ஓரமாகச் சாய்ந்துபோய்த் திடீரென்று நடுவுக்கு வரும். காரணமில்லாமல் வேகம் குறையும், கூடும். பச்சை விழுந்தும் நகராது. தலை குனிந்திருக்கும், இரவென்றால் தாடையில் நீல வெளிச்சம் அடிக்கும். இப்படி ஒரு வண்டியைப் பார்த்தால் ஹார்ன் அடித்துத் திருத்தப் போகாதீர்கள். திடுக்கிட்டு ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவார் என்று சொல்ல முடியாது. தள்ளிப் போய்விடுங்கள். அப்புறம், ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசுகிறவர்கள் காரோட்டியைக் குறை சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பின்னாலிருந்து வருவது

நாம் பெரும்பாலும் யோசிக்காத ஒன்று: ஆக்சிலரேட்டரை விட்டாலோ கியரைக் குறைத்தாலோ பைக் வேகம் நன்றாகவே குறையும், ஆனால் பின்னால் பிரேக் விளக்கு எரியாது. பின்னால் வருகிறவருக்கு எதுவும் தெரியாது, அவர் வந்துகொண்டே இருப்பார். பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டு விளக்கைச் சிமிட்டிக் காட்டுங்கள்.

சிக்னலில் நின்றதும் நியூட்ரல் போட்டு இளைப்பாறுவதும் தவறுதான். பின்னால் ஒரு வண்டியாவது வந்து நிற்கும்வரை முதல் கியரிலேயே, கிளட்சைப் பிடித்தபடி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருங்கள். முன்னால் நிற்கும் காரின் பின்நடுவில் நிற்காமல் ஒரு ஓரமாக, கொஞ்சம் இடம் விட்டு நின்றால் நழுவி விலக வழி இருக்கும்.

நாமே தவறான செய்தி சொல்வது

திருப்பம் முடிந்தும் இண்டிகேட்டரை அணைக்க மறப்பது. காரில் ஸ்டியரிங் நேரானதும் தானாக அணையும், பெரும்பாலான பைக்குகளில் நாம்தான் அணைக்க வேண்டும். அடுத்த கிளைச்சாலையில் காத்திருப்பவர் உங்கள் இண்டிகேட்டரைப் பார்த்து, “இவர் இங்கே திரும்பப் போகிறார்” என்று நம்பித் தன் காரை எடுக்கிறார். கவனமாக இருப்பவரையே நாம் ஏமாற்றிவிடுகிறோம். திருப்பம் முடிந்ததும் கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பொத்தானை அழுத்தும் பழக்கம் வர வேண்டும்.

பிரேக் பிடிக்கத் தெரியும் என்று நினைப்பது

ஹர்ட் அறிக்கையில் என்னை உலுக்கிய இடம் இது. விபத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலானவர்கள் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தை இழுக்க விட்டிருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவே இல்லை. அந்தக் காலைவேளையில் நானும் அதையேதான் செய்தேன். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. ஆனால் வெடுக்கென்று பிடித்தால் அதுவும் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். எலுமிச்சம்பழம் பிழிவது போல, முதலில் மெதுவாக, எடை முன்னால் வந்ததும் அழுத்தமாக. ஏபிஎஸ் உள்ள வண்டியில் சக்கரம் பூட்டாது, அதைப் பயன்படுத்தவும் கைக்குப் பழக்கம் வேண்டும். மாதம் ஒரு முறை வண்டி நடமாட்டமில்லாத இடத்தில் 30, பிறகு 40 என்று வந்து நிறுத்திப் பாருங்கள். தலை நிமிர்ந்து, மோதப் போகிற பொருளைப் பார்க்காமல் தப்பிக்கும் வழியைப் பாருங்கள். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும்.

உடை, ஹெல்மெட்

நியூசிலாந்தில் நடந்து 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், பளிச்சென்ற அல்லது ஒளி எதிரொளிக்கும் உடை அணிந்தவர்களுக்குக் காயம்பட்டு விழும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவாக இருந்தது. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. ஹெல்மெட் இறப்பு வாய்ப்பை 42 சதவீதமும், தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாக மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2008 ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. பட்டையை மாட்டாமல் வெறுமனே தலையில் கவிழ்த்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முதல் அடியிலேயே அது கழன்று போய்விடும். மாலையில் திரும்பும்போது கறுப்பு வைசரைப் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

மயிரிழையில் தப்பிய பிறகு

கடைசியாக ஒன்று, இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. யாராவது குறுக்கே வந்து தப்பித்துவிட்டோம் என்றால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அந்தக் காரைத் துரத்திப்போய் நாலு வார்த்தை கேட்கத் தோன்றும். கேட்காவிட்டாலும் அடுத்த இரண்டு கிலோமீட்டருக்கு மனம் அந்தச் சந்திப்பிலேயே நின்றிருக்கும். கண் மட்டும் சாலையில் இருக்கும், பார்ப்பது எதுவும் பதியாது. அன்று அந்தக் காரோட்டியிடமிருந்து கிளம்பி நான் அடுத்த சிக்னலுக்குப் போனபோது, சிவப்பு விழுந்திருந்ததையே பாதி சந்திப்புக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். இப்போதெல்லாம் அப்படி நடந்தால் ஓரமாக நிறுத்திவிடுகிறேன். ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்து, கை நடுக்கம் நிற்கும்வரை இருந்துவிட்டு, பிறகு வண்டியை எடுக்கிறேன்.