சிதறால் குகையும் தக்கலை அரண்மனையும் ஒரே நாளில்

திங்கட்கிழமை மட்டும் கிளம்பி வராதீர்கள், குமரி மாவட்டம் தக்கலையில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அன்று விடுமுறை. மற்ற நாட்களில் வந்தால் முதலில் சிதறால் மலை, அப்புறம்தான் அரண்மனை. நான் ஒருமுறை அம்மாவை உச்சி வெயிலில் மலைக்குக் கூட்டிப் போய், பகவதி கோயில் முன்னால் செருப்பைக் கழற்றியதும் பாறையில் கால் வைக்க முடியாமல் அவர் பட்ட பாடு இன்னும் மனதில் நிற்கிறது.

மார்த்தாண்டத்திலிருந்து பஸ் உண்டு. தண்ணீரும் நாலு மட்டி வாழைப்பழமும் கையில் இருக்கட்டும். கல் பாவிய பாதையில் மெதுவாக ஏறினால் போதும். மேலே, சரிந்து நிற்கும் பெரும்பாறைக்கு அடியில்தான் குகை. இப்போது பகவதி கோயிலாக இருந்தாலும் 9ஆம் நூற்றாண்டில் இது சமணத் துறவிகள் தங்கி வழிபட்ட பள்ளி, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலக் கல்வெட்டு இருக்கிறது. பாறை முகத்தில் முக்குடை என்ற மூன்றடுக்குக் குடைக்குக் கீழே சமண குருமார்களான தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள், தலைக்கு மேல் பாம்பு படமெடுத்துக் குடை பிடிக்க நிற்பவர் பார்சுவநாதர். போட்டோ எடுத்துவிட்டு ஓடாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

பத்தரைக்குள் இறங்கி தக்கலை வந்துவிடுங்கள், ஏனென்றால் அரண்மனையில் மதியம் ஒன்று முதல் இரண்டு வரை இடைவேளை. 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், திருவிதாங்கூர் மன்னர்களுடைய இந்த அரண்மனை கேரள அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது. உள்ளே வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும், அது நல்லதும்கூட. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் கறுப்புத் தரை உள்ளங்காலில் சில்லென்று ஏறும், குனிந்து பார்த்தால் ஜன்னல் வெளிச்சம் அதில் மின்னும். சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்பார்கள். ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தின் நீளத்தையும் நடந்தே பாருங்கள், யாராவது அவசரப்படுத்தினால் நின்றுகொள்ளுங்கள், தப்பில்லை.

சாப்பிட்டுவிட்டு, நாகர்கோவில் சாலையில் புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டை. பலர் இதை விட்டுவிட்டுப் போவது எனக்கு வருத்தம். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அவருக்கே படை பயிற்றுவித்து, 1777இல் இறந்து இங்கேதான் அடக்கமானார். இடிந்த தேவாலயத்துக்குள் இருக்கும் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போனால்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியும்.