குட்டி ஆன்டெனாவும் நம்பக் கூடாத மீட்டரும்

"எஸ்டபிள்யூஆர் ஒன்றரைக்குக் கீழேதான் இருக்கு சார், ஆனா கூப்பிட்டா ஒருத்தரும் திரும்பப் பேச மாட்டேங்கறாங்க." தோள்பையில் அடங்கும் ரேடியோ செட்டும் ஒரு குட்டி விப்பும் (குச்சி ஆன்டெனா) வாங்கிக்கொண்டு 7 மெகாஹெர்ட்ஸில் இறங்கும் புது ஹாம்களிடம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களிடம், அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. குட்டியாக இருப்பதற்காக ஆன்டெனாவை நான் குறை சொல்ல மாட்டேன். மீட்டரை நம்பியதுதான் கோளாறு.

செட்டிலிருந்து போன பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை மட்டுமே எஸ்டபிள்யூஆர் மீட்டர் சொல்லும்; 1:1 என்றால் எதுவும் திரும்பவில்லை. போனது அலையாகப் போனதா, சூடாகித் தீர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. வந்த பவரையெல்லாம் சூடாக்கித் தீர்க்கும் 50 ஓம் டம்மி லோடும் 1:1தான் காட்டும். அதை வைத்து யாரோடு பேசுவது?

7 மெகாஹெர்ட்ஸ் இருக்கும் 40 மீட்டர் பேண்டில் கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) ஆன்டெனா என்றால் பத்து மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். அங்கே 1.2 மீட்டர் குச்சியை நட்டால் அதன் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியே போகும் பவருக்கான ஓம் கணக்கு, அரை ஓம்கூட வராது. நீளக் குறையை ஈடுகட்டும் காயிலில் சில ஓம், தரையில் பத்து ஓமோ அதற்கு மேலோ இழப்பு. 5 வாட் கொடுத்தால் 0.1 வாட் வெளியே போனாலே பெரிது. குச்சியை இரண்டு மடங்கு நீளமாக்கினால் கதிர்வீச்சுத் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் பையில் இடம் இருந்தால் நீளமான விப்பையே எடுங்கள். 5 மீட்டருக்குச் சற்று மேல் நீளும் டெலஸ்கோபிக் விப் 14 மெகாஹெர்ட்ஸில் காயிலே இல்லாமல் வேலை செய்யும்.

அப்புறம் தரை. வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் உச்சி என்றாலே காய்ந்த பாறைதான். கோடையில் பாலாற்று மணலும் அதற்குச் சளைத்ததில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ரேடியல் கம்பி (விப்பின் அடியிலிருந்து தரையில் விரிக்கும் வயர்) விரிக்காமல் விப்பை மட்டும் நிறுத்தினால், செட்டையும் விப்பையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் மேலுறையும் அதைப் பிடித்திருக்கும் நீங்களும்தான் ஆன்டெனாவின் மறுபாதி. கேபிளைத் தொட்டதும் மீட்டர் முள் நகர்கிறதா, மைக் உதட்டில் சுருக்கென்று கடிக்கிறதா? அதுதான் அடையாளம். நான்கைந்து மீட்டர் நீளத்தில் சாதாரண வயர் நான்கு துண்டு வெட்டி, விப்பின் அடியிலிருந்து நாலு பக்கமும் விரியுங்கள். விரித்த பிறகு எஸ்டபிள்யூஆர் ஏறலாம். பதறி வயரைச் சுருட்டிவிடாதீர்கள். தரை இழப்பு குறைந்ததால்தான் அது ஏறியது. மேட்சிங்கை, அதாவது ஆன்டெனாவைச் செட்டின் 50 ஓமுக்குப் பொருத்துவதை, திருத்தினால் போதும்.

இன்னொரு சோதனையும் உண்டு. காயில் வைத்த குட்டி விப் நல்லபடி வேலை செய்தால் சில பத்து கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தாலே மறுபடி ட்யூன் செய்யச் சொல்லித் தொல்லை கொடுக்கும். 7.0 முதல் 7.2 வரை முள் அசையாமல் சமர்த்தாக இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். அது இழப்பு தரும் சமர்த்து.

பலருக்குத் தோன்றாத தவறு ஒன்று இருக்கிறது. வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர், பெங்களூரு இருநூற்றுச் சொச்சம். பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் இந்தத் தூரத்துக்குப் பேச, அலை கிட்டத்தட்ட நேர்மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு இறங்க வேண்டும். செங்குத்தாக நிற்கும் விப் அடிவானத்தை நோக்கித்தான் அனுப்பும். தலைக்கு நேர்மேலே அதற்குச் சூனியம். பக்கத்து ஊருக்குக் கேட்காத சிக்னல் தூர தேசத்தில் கேட்கும் வேடிக்கை இதனால்தான். மொத்தம் 20 மீட்டர் நீள டைபோல் கம்பியை (நடுவில் கேபிள் இணைத்த இரு பாதிக் கம்பி) இரண்டு புளியமரத்துக்கு நடுவே மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் கட்டினால் இந்த வேலைக்கு எந்த விலையுயர்ந்த விப்பும் பக்கத்தில் வராது. மரம் தேடி வேலூர்க் கோட்டைக்குள் போய்விடாதீர்கள், அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். மின்கம்பி பக்கம் ஆன்டெனாக் கம்பியை எறியவே கூடாது.

மேட்சிங் செய்யும் பெட்டியான ட்யூனர் இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். செட் பக்கத்தில் வைத்த ட்யூனர் செட்டைத்தான் சமாதானப்படுத்தும். கேபிளில் நடக்கும் இழப்பு அப்படியே இருக்கும். வைப்பதானால் ஆன்டெனாவின் அடியில் வையுங்கள்.

2 மீட்டர் பேண்டில் பேசும் ஹேண்டிக்கும் (கையில் பிடிக்கும் செட்) இதே நியாயம்தான். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 49 சென்டிமீட்டர்; கூட வரும் ரப்பர் ஆன்டெனா அதில் பாதிகூட இருக்காது. கனெக்டரின் வெளிவளையத்தில் 49 சென்டிமீட்டர் வயரை வால் போலத் தொங்கவிட்டால் வித்தியாசம் காதிலேயே தெரியும். இடுப்பில் மாட்டியபடியோ, காரின் தகரக் கூட்டுக்குள்ளிருந்தோ பேசாதீர்கள். முகத்துக்கு நேரே, சற்றுத் தள்ளி, செங்குத்தாகப் பிடியுங்கள். மலை மறைத்தால் நாலடி நகர்ந்து பாருங்கள். நீண்ட விப் மாட்டும்போது சிறிய எஸ்எம்ஏ கனெக்டருக்கு அந்தப் பாரம் தாங்காது. பையிலிருந்து எடுக்கும்போது ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்கள் மாலை இடிமழையை மறக்க வேண்டாம். தூரத்தில் உறுமல் கேட்டதுமே விப்பை இறக்கி, கேபிளைச் செட்டிலிருந்து கழற்றிவிட்டு, உச்சியை விட்டுக் கீழே வந்துவிடுங்கள்.